தாராவியில் ஒட்டிய உளவாளி

விளம்பரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய வாசகம் எதனாலும் இந்தியா எந்தச் சண்டையிலும் ஜெயிக்கவில்லை. அறுபத்திரண்டிலும் எழுதினேன், அறுபத்தைந்திலும் எழுதினேன். முதல் சண்டை எப்படி முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவதில் என் போஸ்டர் அச்சாகி வந்த மாதத்திலேயே சண்டை நின்றுவிட்டது. போஸ்டரைப் பார்த்துப் பயந்து நின்றதாக எங்கள் மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு விளம்பரக் கம்பெனி. அதில் தமிழ் டிபார்ட்மென்ட் என்பது நான், என் மேஜை, கால் ஆடும் ஒரு நாற்காலி. மாட்டுங்காவிலிருந்து ரயிலில், பெண்கள் பெட்டியில் வருவேன். சோப்பு, தலைவலி மாத்திரை, மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று எது வந்தாலும் இங்கிலீஷிலிருந்து தமிழாக்கித் தருவேன். சண்டை வந்தால் அதையும் தமிழாக்கச் சொல்வார்கள்.

சண்டைக்கால போஸ்டர்களைப் பற்றி ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். எல்லையில் துப்பாக்கி பிடிப்பவனுக்கு யாரும் போஸ்டர் ஒட்டுவதில்லை. அவனுக்கு வேறு வேலை இருக்கிறது. பம்பாயில் தோல் தைப்பவன், இரும்பு அடிப்பவன், மில்லில் நூல் சுற்றுபவன், இவர்களுக்குத்தான் போஸ்டர். அதிகமாக உழை, குறைவாகச் சாப்பிடு, பேசவே பேசாதே. சண்டை இல்லாத நாட்களில் முதலாளிகள் சொல்வதும் இதையேதான். அப்போது படம் மட்டும் இருக்காது.

அறுபத்திரண்டில் எனக்குக் கிடைத்த முதல் வாசகம், உன் சுத்தியலும் ஓர் ஆயுதம் என்பது. இங்கிலீஷில் என்ன இருந்ததோ அதை அப்படியே எழுதினேன். நல்ல தமிழ்தான், பிழை கிடையாது. செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அதைக் கேட்டுக்கு மேலேயே மாட்டினார்கள். அந்த வாரம் அங்கே போனஸ் தகராறு நடந்துகொண்டிருந்ததை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலை மானேஜர் காரில் வந்து இறங்கியபோது போஸ்டருக்குக் கீழே ஆட்கள் வரிசையாக, ஆளுக்கொரு சுத்தியலோடு, மிகுந்த தேசபக்தியுடன் நின்றிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் போன் வந்தது. "என் ஆட்களுக்கு ஆயுதம் கொடுத்தது யார்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த வாசகம் எழுதினாலும், இதை யார் எந்தச் சுவருக்குக் கீழே நின்று வாசிப்பார்கள் என்று ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் அப்படி யோசித்தும் தவறிப்போனது ஒன்று உண்டு. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை. ராணுவத்துக்கு பூட்ஸும் வாரும் தைக்கிற வேலையில் ஒரு பகுதி கைமாறிக் கைமாறித் தாராவிச் சந்துகளுக்கு வந்துகொண்டிருந்தது. வேலை ரகசியத்தை வெளியே பேசக் கூடாது என்று தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்த ஜனங்களின் முகச்சாயலில் தனிப் படம் வேண்டும் என்று அரசாங்க அதிகாரி சொல்லிவிட்டார். எங்கள் ஓவியர் பெரேரா, பாந்த்ராக்காரர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவர், நோட்டும் பென்சிலுமாகத் தாராவிக்குப் போய்விட்டு வந்தார்.

படம் அருமையாக இருந்தது. ஒரு டீக்கடை. அலமாரியில் ரேடியோ. இரண்டு தொழிலாளிகள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பெஞ்சின் ஓரத்தில் மூன்றாவது ஆள் உட்கார்ந்து, உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறான். குறுந்தாடி, கூர்மையான மூக்கு, தலையில் வெள்ளைத் தொப்பி. அதற்கு மேலே வைக்க நான் எழுதிய வாசகம், பெரிய எழுத்தில்: இவன் கேட்கிறான். கீழே சின்ன எழுத்தில்: உளவாளி உன் பக்கத்திலேயே இருக்கலாம், வாயை அடக்கு.

தொப்பியைப் பார்த்ததும் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். மேலாளரிடம் போனேன்.

"தாராவியில் தோல் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள். இந்தத் தொப்பியோடு இதை அங்கே ஒட்டினால், உளவாளியைப் பிடி என்று சொன்னதாக ஆகாது. பக்கத்து வீட்டுக்காரனை அடி என்று சொன்னதாக ஆகும்" என்று இங்கிலீஷில் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னால் இன்னும் கொஞ்சம் கோபமாகக் கேட்கும்.

அவர் பெப்பர்மின்ட்டை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றினார். அதிகாரிக்கு அவசரம், படம் நாளைக்குப் போக வேண்டும் என்றார். நான் அசையவில்லை. கடைசியில் பெரேராவைக் கூப்பிட்டுத் தொப்பியை அழிக்கச் சொன்னார். அந்த இடத்தில் பெரேரா கலைந்த தலைமுடி வரைந்தார். ஒரு தர்மயுத்தத்தையே ஜெயித்த பெருமையோடு அன்று மாட்டுங்கா ரயிலில் ஏறினேன்.

தொப்பிதான் போயிற்று. முகம் அப்படியே இருந்தது.

போஸ்டர் ஒட்டிய சில நாட்களில், ஒரு காலை, வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் ஓடி வந்தாள். யாரோ புருஷனும் பெண்டாட்டியும் வந்திருக்கிறார்கள், அவர்கள் மொழி புரியவில்லை, அந்த அம்மாள் உட்காரவும் மாட்டேன் என்கிறாள் என்றாள்.

போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திய ஒரு பெண் நடு ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, எங்கள் உளவாளி.

அதே மூக்கு, அதே தாடி. காகிதத்திலிருந்து இறங்கி மின்தூக்கியில் ஏறி வந்த மாதிரி இருந்தது.

"நீங்க தமிழா டீச்சரம்மா?" என்றாள் அந்தப் பெண். மூக்குக்கண்ணாடியையும் தோள்பையையும் பார்த்து முடிவு செய்திருப்பாள். கடைசிவரை என்னை டீச்சரம்மா என்றேதான் கூப்பிட்டாள். "எம் பேரு பாத்திமா. இவுக எங்க வீட்டுக்காரவ, மீரான். இந்தப் படத்தப் போட்டவுக யாருன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு, அடியில இருந்த வெலாசத்த வச்சு வந்தோம்."

"உட்காருங்கோ. என்ன ஆச்சு, நிதானமா சொல்லுங்கோ."

"என்ன ஆகணும்? சின்னப் பிள்ளையோல்லாம் காதுல கைய வச்சுக்கிட்டு இவுக பின்னால வருது. அத விடுங்க, பிள்ளையோதான. டீக்கடையில இவுக உக்காந்தா பெஞ்சு காலியாவுது. கான்ட்ராக்டரு தோலு குடுக்கத நிறுத்திட்டாரு. எங்ககிட்ட தைக்க ஆள்ல ரெண்டு பேரு வேற பட்டறைக்குப் போயிட்டான். எந் தம்பி மனசு பொறுக்காம குழாயடியில ஒட்டியிருந்த ஒண்ணச் சொரண்டிக் கிழிச்சிட்டான். உளவாளிதான் கிழிச்சான்னு எவனோ போய்ச் சொல்லி, போலீசு வீட்டுக்கு வந்திட்டு. இவுக நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரணுமாம்."

மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, "இவுகளுக்குக் காது கேக்காது டீச்சரம்மா" என்றாள். "சின்னதுல காய்ச்சல் வந்து போனது. நான் அடுப்படியில இருந்து கூப்பிட்டா தெருமுனையில போறவன் திரும்பிப் பாப்பான், இவுக திரும்ப மாட்டாவ. இவுகளயா ஒட்டுக் கேக்கதுக்கு பாகிஸ்தான்காரன் சம்பளம் போட்டு வச்சிருக்கான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து பெரேரா கையில் பிரஷ்ஷோடு ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் மீரானின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ, நம்ம படக்கார சாரு" என்றார், காது கேளாதவர்களின் உரத்த குரலில். "அன்னைக்கு அசையாம இருங்கன்னு கையக் காட்டுனாரு. இருந்தேன். டீ ஆறிப் போச்சு. இவருக்கு நாந்தான் டீ வாங்கிக் குடுத்தேன்."

என்ன சொல்கிறார் என்று பெரேரா கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு துல்லியமாக வேறெதையும் மொழிபெயர்த்ததில்லை. பெரேரா பிரஷ்ஷோடு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காதில் கை வைத்திருந்த அந்த நிலை அழகாக இருந்தது, அதனால் வரைந்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை என்றார். உண்மைதான். வேறொன்றும் நினைக்காததால்தான் இவ்வளவும்.

மேலாளர் அறையில் கூடினோம். அவருடைய முதல் யோசனை, மறுத்துவிடுவது. "ஒரு ஆளுக்கு மூக்கும் தாடியும் இருந்தால் அதற்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்றார். கதவுக் கண்ணாடி வழியாக மீரானைக் காட்டினேன். பார்த்துவிட்டு, மறுப்பு வேண்டாம் என்றார். இரண்டாவது யோசனை, ஆள் அனுப்பி எல்லாவற்றையும் கிழித்துவிடுவது.

"ஒன்றைக் கிழித்ததற்கே போலீஸ் வந்திருக்கிறது" என்றேன். "எல்லாவற்றையும் கிழித்தால் தாராவி முழுக்க என்ன பேசுவார்கள்? உளவாளிக்கு அவ்வளவு செல்வாக்கு என்பார்கள்."

வேறு முகம் வரைந்து மேலே ஒட்டலாம் என்றார் பெரேரா. அந்த வேறு முகத்துக்கும் எங்கேயாவது ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்றேன்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடி வந்தால் செய்ததை இல்லை என்று ஆக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். சுவரில் ஏறியதை இறக்க முடியாது. ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். அதற்கு மேல் என்ன சேர்க்க முடியும் என்றுதான் பார்க்க வேண்டும்.

போஸ்டரை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வெளியே பாத்திமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட ஆபீஸ் பியூனுக்குத் தமிழிலேயே ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இவன் கேட்கிறான். நானே எழுதிய வாசகம். இங்கிலீஷில் இதை மாற்ற வேண்டுமானால் படத்தையே மாற்ற வேண்டும். தமிழ் அப்படி இல்லை. நம் மொழியில் ஒருவனைத் தூக்கிவிடவும் கீழே போடவும் கடைசி எழுத்து போதும்.

இரண்டு 'ன்' இருந்தது. இரண்டையும் 'ர்' ஆக்கினால் இவர் கேட்கிறார். கீழ் வரியின் மேல் ஒரு துண்டு ஒட்டி, ரேடியோ செய்தியை மட்டும், வதந்தியை அல்ல என்று போட்டால் தீர்ந்தது. அலமாரியில் ரேடியோ இருக்கவே இருக்கிறது. உளவாளி, முன்மாதிரிக் குடிமகன் ஆகிவிடுவார்.

பெரேராவுக்கு விளக்கியபோது அவர் நம்பவில்லை. "இரண்டு எழுத்தில் ஒரு ஆள் மாறிவிடுவானா?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் ஒரு எழுத்துக்காகக் கல்யாணமே நின்றிருக்கிறது" என்றேன்.

அதிகாரியின் அனுமதி வேண்டுமே. மேலாளர் போனை எடுத்தார். உண்மையைச் சொன்னால் கமிட்டி போடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தமிழ்ப் போஸ்டரில் எழுத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது, துண்டு ஒட்டிச் சரிசெய்துவிடுகிறோம் என்றார். அதிகாரி பதறிப்போய் உடனே சரிசெய்யச் சொன்னார். அரசாங்கத்துக்கு உளவாளியைவிட எழுத்துப் பிழையைக் கண்டால்தான் பயம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பின்னாளில் பல முறை உதவிய அறிவு இது.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் அன்றே துண்டுகள் அடித்தோம். மறுநாள் காலை பெரேராவும் நானும் கூலிக்கு அமர்த்திய போஸ்டர் ஒட்டுபவரும் பசை வாளியோடு தாராவிக்குப் போனோம். விடிவதற்கு முன்பே போய் ஒட்டிவிட்டு வந்துவிடலாம் என்று பெரேரா சொல்லியிருந்தார். நான் மறுத்துவிட்டேன். யாரும் பார்க்காமல் மாறிய எழுத்தை யாரும் நம்ப மாட்டார்கள். கடை திறந்து, ஜனங்கள் டீ குடிக்கிற நேரத்தில், எல்லோர் கண் முன்னாலும்தான் மாற வேண்டும்.

முதலில் அந்த டீக்கடைக்கே போனோம். கடைக்காரர் செல்லையா அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் துண்டை அவர் கையால் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கும்மா வம்பு" என்றார். "சர்க்காரு ஒட்டுனத நான் தொட்டா நாளைக்கு என்னையும்லா கூப்பிடுவான்."

"சர்க்காரே திருத்தம் அனுப்பியிருக்கு அண்ணாச்சி. படத்துல இருக்கறது உங்க கடைதானே?"

"பின்ன? அந்த ரேடியோவப் பாருங்க. மூல ஒடைஞ்சது வரைக்கும் போட்ருக்கான்."

"அந்த ரேடியோவுல நியூஸ் கேக்கறார்னுதான் இப்போ போடப் போறோம். எல்லாரும் உங்க கடைக்கு வந்து நியூஸ் கேக்கணும்னு அர்த்தம்."

அண்ணாச்சி சற்று யோசித்தார். சர்க்கார் செலவில் கடைக்கு விளம்பரம். கைகளைப் பிரித்தார். பசையை எடுத்தார்.

கூட்டம் கூடிவிட்டது. வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு உரக்க வாசித்தார்கள். இவர் கேட்கிறார். ரேடியோ செய்தியை மட்டும். வதந்தியை அல்ல. பனியனோடு நின்ற ஒருவர் கேட்டார், "அப்போ நேத்துவரைக்கும் இவன்னு போட்டிருந்தது?"

"அது தப்பு" என்றேன்.

"ன் போட்டா உளவாளி, ர் போட்டா பெரிய மனுசனா? என்னம்மா கத விடுத."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீரானும் பாத்திமாவும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். பாத்திமாவின் கை துப்பட்டியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"நீங்க எத்தனை வருஷமா இவரைப் பாக்கறேள்?" என்று அவரைத் திருப்பிக் கேட்டேன்.

"அது இருக்கும், பத்துப் பன்னெண்டு வருசம்."

"பத்து வருஷமா என்னன்னு கூப்பிட்டேள்?"

"பாய்னுதான்."

"நாங்க ஒட்டினப்புறம்?"

அவர் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த யாரோ, "ஏ, நீதானவே மொத ஆளா பெஞ்ச விட்டு எந்திரிச்சவன்" என்றார். கூட்டம் சிரித்தது. என்ன சிரிப்பு என்று புரியாமல் மீரான் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து முன்னால் சாய்ந்தார். அச்சு அசலாகப் படம். சிரிப்பு இரட்டிப்பாயிற்று. ஆனால் அதற்குள் ஒருவர் நகர்ந்து பெஞ்சில் அவருக்கு இடம் விட்டுவிட்டார்.

கூட்டத்தைக் கண்டு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். மராட்டிக்காரர். என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். ஹிந்தியில் சொன்னேன். போஸ்டரைப் பார்த்தார். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த மீரானைப் பார்த்தார். மறுபடியும் போஸ்டரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "சர்க்காரி ஆத்மி ஹை க்யா?" என்றார்.

ஆமாம், சர்க்கார் ஆள்தான் என்றால் பொய். இல்லை என்றால் மீரான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். வாசகம் எழுதுபவர்களுக்கு எதற்கும் பதில் உண்டு என்ற நோய் இருக்கிறது. அன்று கடவுள் புண்ணியத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. சும்மா நின்றேன். பெரேரா ஹிந்தியே தெரியாதவர்போல் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ரகசியம் புரிந்துவிட்டவராக இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். ஸ்டேஷனுக்கு வரத் தேவையில்லை என்று பாத்திமாவிடம் சொல்லிவிட்டு, அண்ணாச்சி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

கான்ட்ராக்டர் மறுபடி தோல் கொடுத்தார். போன இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்தார், இன்னொருவர் வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாத்திமாவின் தம்பி கொஞ்ச நாள் பம்பாய்க்கு வெளியே கல்யாண் ஊரில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்துவிட்டுத்தான் வந்தான்.

அடுத்த மாதம் பாத்திமா தனியாக ஆபீசுக்கு வந்தாள். இந்த முறை தானாகவே உட்கார்ந்தாள்.

"முந்தி ஒருத்தனும் பேச மாட்டேன்னான் டீச்சரம்மா. இப்போ ஒருத்தனும் விட மாட்டேங்கான். இவுக சர்க்கார் ஆளுன்னு எவனோ கெளப்பிவிட்டுட்டான். ரேஷன் கார்டு, குழாய், பிள்ளைக்கு வேல, எல்லாத்துக்கும் எங்க வாசல்ல வந்து நிக்கான். இவுகளுக்கு அதுவும் கேக்கல. எல்லாத்துக்கும் சரி சரின்னு தலைய ஆட்டி வைக்காவ."

அவளுடைய சங்கடத்தைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அவள் வந்த நேரத்தில் என் மேஜையில் ஒரு புது வேலை இருந்தது. சண்டை நின்ற பிறகு, உழைத்த தொழிலாளர்களுக்கு நன்றி சொல்லும் போஸ்டர். தமிழுக்கு ஒரு தோல் தொழிலாளியின் படம் வேண்டும். மீரானையே வரையலாம், இந்த முறை கேட்டுவிட்டு வரையலாம் என்று பெரேரா சொல்லியிருந்தார். தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டேன்.

மேஜையில் இருந்த தாள்களை ஒரு முறை பார்த்தாள்.

"வரையட்டும்" என்றாள். "ஆனா மேல என்ன எழுதப் போறிய? அத மொதல்ல காட்டுங்க. நான் வாசிச்சிட்டு, அப்புறமா அவுகள உக்கார வைக்கேன்."

எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். இத்தனை வருஷ அனுபவத்தில், படத்தில் இருக்கப் போகிறவரின் வீட்டிலிருந்து ஒருவர் வாசகத்தை முன்கூட்டியே வாசித்தது அந்த ஒரு முறைதான். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். 'அஞ்சாத உழைப்பாளி' என்று எழுதியிருந்தேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இந்த 'அஞ்சாத' வேண்டாம் டீச்சரம்மா" என்றாள். "அந்த நாளெல்லாம் நானும் அவுகளும் பயந்துபோய்த்தான கெடந்தோம்."

பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தேன். 'உழைப்பாளி' என்று மட்டும் அச்சாயிற்று.